குடிக்கும் வயதும் குடியின் வரலாறும்: இலங்கை மதுச் சட்டத்தின் வர்க்கப் பின்னணி பற்றிய சில குறிப்புகள்

21 வயது நிரம்பாத எவருக்கும் மதுசாரத்தையோ புகையிலைப் பொருளையோ விற்றலாகாது என 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் விதித்தது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை நிறுவிய சட்டமும் அதுவே. இவ்வயதெல்லையை 18 ஆகக் குறைத்தல் வேண்டும் என்று வாதிடுவோர் உளர். அதனைத் தொடுதலே கூடாது என்போரும் உளர்.

குறைக்க வேண்டும் என்போரின் நியாயம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பராயமடையும் வயதை 21 என வகுத்தது. 1959இல் வாக்குரிமை வயது 18 ஆயிற்று. 1989இல் பராயமடையும் வயதும் 18 ஆயிற்று. ஆகவே காணி வாங்கவும், கடன்படவும், பாராளுமன்றத்தைத் தெரிவு செய்யவும், படையிற் சேர்ந்து உயிரை விடவும் தகுதி பெற்ற ஒருவர், ஒரு போத்தல் சாராயம் வாங்கப் போகுமிடத்து மட்டும் சிறுவராகிவிடுகிறார். சட்டம் பிறந்த அதே 2006இலேயே யுத்தம் மீண்டும் மூண்டது என்பதையும், கூலித் தொழிலுக்குச் செல்லும் ஆகக் குறைந்த வயது அப்பொழுது 14 ஆகவே இருந்தது என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். தொழிலுக்கான அவ்வயது 16 ஆக உயர்ந்தது 2021இலேயாகும். உழைப்பை விற்பதற்கு 14. உழைப்பின் கூலியைக் குடிப்பதற்கு 21. இம்முரண்பாட்டைச் சட்ட வரைஞரின் கவனக்குறைவு என்று கொள்ள நாம் தயாரில்லை.

எனினும் இரு சாராரும் குடிப்பவனையே நோக்குகின்றனர். விற்பவர் யார், விற்பனையின் ஆதாயம் எவர் கை சேர்ந்தது என்னும் வினா அவர்களிடையே எழுவதில்லை. இலங்கையில் மதுவின் வரலாற்றை அவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது எமது கருத்து.

தமிழிலக்கிய மாணவர்க்கு இது அந்நியமான நோக்கன்று. புறநானூற்றிலே கள் என்பது தலைவன் தன்னைச் சார்ந்தோர்க்குப் பகிர்ந்தளிக்கும் பொருள். அதியமானின் மறைவுக்கு இரங்கி ஔவையார் பாடிய பாட்டில், அவன் கள்ளைப் பகிர்ந்த முறையே முதலில் நினைவுகூரப்படுகிறது. திருக்குறளிலோ கள்ளுண்ணாமை, வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடைப்பட்ட ஓர் அதிகாரமாகிவிடுகிறது. இவ்விரு நோக்கிற்கும் இடையே நிற்பது அறவுணர்வின் வளர்ச்சி மட்டுமன்று. வீரயுகத் தலைவனின் பகிர்வு முறை சிதைந்து, வேறொரு சமுதாய அமைப்பு மேலெழுந்தமையுமாகும். கள்ளும் சாராயமும் அரசிறையின் தூண்களுள் ஒன்றாவதற்கோ ஈழத்தில் ஐரோப்பியர் ஆட்சி வர வேண்டியிருந்தது.

ஒல்லாந்தர் கையாண்ட சாராயக் குத்தகை முறையை, 1796இல் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அப்படியே தொடர்ந்தனர். ஒரு பிரதேசத்திற் சாராயம் விற்கும் தனியுரிமை ஏலத்தில் விடப்படும். ஏலம் எடுத்தவர் அரசுக்கு ஒரு நிலையான தொகையைச் செலுத்துவார். அதற்கு மேற் கிடைப்பதெல்லாம் அவருடையது. இம்முறையின் உள்ளியக்கம் கவனிக்கத்தக்கது. செலுத்த வேண்டிய தொகை முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டுவிடுவதால், குத்தகைக்காரரின் இலாபம் முழுவதும் விற்பனை பெருகுவதிலேயே தங்கியிருந்தது. தவறணை பெருகப் பெருக இலாபம் பெருகும். இலாபம் பெருகினால் அடுத்த ஏலத்தில் அரசின் வருவாயும் பெருகும். குடியைக் குறைப்பதில் அக்கறையுள்ள எவரும் இச்சங்கிலியில் இல்லை.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1830கள் தொடக்கம் மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பரவியபோது அவற்றைத் தொடர்ந்து தவறணைகளும் மலையேறின. தோட்டக் கூலி பணமாகக் கிடைத்தது. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டு, கங்காணியிடம் பட்ட கடனோடு லயங்களிலே வாழ்ந்த தொழிலாளியின் அப்பணத்தைத் திரும்பப் பெறும் இடமாகத் தவறணை அமைந்தது. தோட்டத்துரை கொடுத்ததைக் குத்தகைக்காரர் பெற்றார். குத்தகைக்காரர் பெற்றதிற் பங்கை அரசு பெற்றது. இலங்கை முதலாளி வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத் திரட்சியில் இச்சாராயக் குத்தகை வகித்த பங்கினைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விரிவாக நிறுவியுள்ளார். அவ்வாறு திரண்ட செல்வமே கோப்பி, தென்னை, காரீயச் சுரங்கம், நகர்ப்புறக் கட்டடங்கள் எனப் பல வடிவமெடுத்தது. மேனாட்டுக் கல்வி பெற்று, சட்ட நிரூபண சபையில் ஆசனம் கேட்ட கனவான்கள் சிலரின் முன்னோர் யார் என்று தேடினால் ஒரு தவறணையின் வாயிலிற் போய் நிற்க நேரும்.

இதன் மறுபக்கமே மதுவிலக்கு இயக்கம். 1904இல் மேற்குக் கரையோரச் சிங்களக் கிராமங்களிலே தலையெடுத்த இவ்வியக்கம் 1912இல் மீண்டும் வீறுகொண்டது. அவ்வாண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த சீர்திருத்தம் கள்ளுத் தவறணையைச் சாராயத் தவறணையிலிருந்து பிரித்து, கள்ளுக்கெனத் தனித் தவறணைகளைத் திறந்தமையே உடனடிக் காரணம். இயக்கத்தின் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கூற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வெளிப்படையான அரசியற் கிளர்ச்சி சாத்தியமற்றிருந்த காலத்தில், அரசின் வருவாயிலே கைவைப்பது அரசின் மீதே கைவைப்பதாகும். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது மதுவிலக்குத் தலைவர்களைத் தேடிப்பிடித்துச் சிறையிலிட்ட ஆட்சியாளர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஆயினும் மேடையேறிய சிலரது குடும்பச் செல்வத்தின் ஊற்றுக்கண்ணும் சாராயக் குத்தகையே என்பது அவ்வியக்கத்தின் வர்க்க எல்லையைக் காட்டுகிறது. குடிப்பவன் திருந்த வேண்டும் என்றனர். குடியாற் சேர்ந்த சொத்துப் பற்றி வாய் திறந்தாரல்லர்.

இக்காலகட்டத்தின் பயன்மிக்க பேறு, ஒரு தவறணையை வைத்திருப்பதா மூடுவதா என்பதை ஊரவரே வாக்கெடுப்பால் தீர்மானிக்கும் ஏற்பாடாகும். யாழ்ப்பாணத்திலே 1920களிலும் 1930களிலும் இவ்வாறு பல தவறணைகள் மூடப்பட்டன. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகளும் மதுவிலக்கை வற்புறுத்திப் பேசினார். சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றுபட்ட பணி இது என்று எமது முன்னோர் பெருமையோடு பேசுவதுண்டு.

அப்பெருமைக்குள் மறைந்துபோன ஒரு கேள்வி உண்டு: கள் இறக்கியோர் என்ன ஆயினர்? பனையேறிச் சீவும் தொழில் சாதியாற் பிணிக்கப்பட்டிருந்தது. மரம் பெரும்பாலும் வேளாளருடையது. உயிரைப் பணயம் வைத்து ஏறியவர் தாழ்த்தப்பட்டோர். முட்டியிற் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பநீர், தடவாவிட்டாற் கள். மரமும் ஒன்றே, பாளையும் ஒன்றே, ஏறுபவரும் ஒருவரே. கருப்பநீரைக் காய்ச்சிய பனங்கட்டி கோவிலிலும் ஏற்கப்பட்டது. அதனை இறக்கியவருக்கோ கோவிற் கதவு திறக்கவில்லை. மாவிட்டபுரத்து ஆலயப் பிரவேசப் போராட்டம் 1968இல் நிகழ வேண்டியிருந்தது என்பதை நினைவுகூர்ந்தாற் போதும். தவறணையை மூட வாக்களித்த பெரியோர், அத்தொழிலாளிக்கு ஒரு துண்டு நிலமோ மாற்றுத் தொழிலோ அளிப்பதற்கு வாக்கெடுப்பு நடத்தவில்லை. ஒழுக்கச் சீர்திருத்தம் என்ற பெயரிலே அவரது சீவனோபாயம் குற்றச்செயலாயிற்று. கள்ளோ வேலியோரத்தில் தொடர்ந்து விற்பனையாயிற்று. கே. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்களில் வரும் யாழ்ப்பாணத்தை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1972இல் கள் இறக்கும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபோதுதான் இவ்வரலாற்றில் முதன்முறையாக உற்பத்தி செய்பவரே விற்பவருமானார். இடைத்தரகர் அகன்றார், விற்பனையின் மிச்சம் சேமிப்பாகவும் நலன்புரி நிதியாகவும் தொழிலாளர் குடும்பங்களை அடைய வழி பிறந்தது. சங்கங்களிற் குறைபாடுகள் இல்லாமலில்லை. ஆனால் மதுப் பிரச்சினையை விற்பனை உறவின் பக்கத்திலிருந்து அணுகியமைக்கு எம்மிடையே உள்ள தலைசிறந்த உதாரணம் இதுவே. சாராயத்தின் கதையோ வேறு. 1974இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. 1992இல் அது தனியார் வசமாயிற்று. வட்டம் மீண்டும் குத்தகைக்காரரின் வாயிலிலேயே வந்து முடிந்தது.

2006ஆம் ஆண்டுச் சட்டத்தை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடல் வேண்டும். மது விளம்பரத்தை அது தடைசெய்தமை வரவேற்கத்தக்கது. ஆயினும் மதுவரியை நம்பி வரவுசெலவுத் திட்டம் தீட்டும் அரசு, ‘மதுவிற்கு முற்றுப்புள்ளி’ என முழங்கியமை பழைய நாடகத்தின் புதிய காட்சியாகும். எவ்வளவு விற்கலாம், எங்கு விற்கலாம் என்று கேட்பதிலும், யார் வாங்கலாம் என்று கேட்பது அரசுக்கு மலிவானது. பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்த 1979ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கியதும், ஜனாதிபதியின் தலையீட்டால் சில நாட்களிலேயே அத்தடை மீண்டதும் இம்மனப்பான்மைக்கு வேறொரு சான்று. பெண்ணை நிரந்தரமாகப் பராயமடையாதவளாக்கும் அத்தடையாற் குடிகார கணவனிடம் அடிவாங்கும் எந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கும் பாதுகாப்புக் கிட்டவில்லை.

அவ்வாறாயின் வயதெல்லையைக் குறைத்துவிடலாமா? அமெரிக்க அனுபவம் இங்கு உதவும். வியட்நாம் போருக்குப் பதினெட்டு வயதினர் அனுப்பப்பட்ட சூழலில், 1971இல் அங்கு வாக்குரிமை வயது 18 ஆயிற்று. பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் குறைத்தன. 1984இல் மத்திய அரசு, வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியின் ஒரு பகுதியை வெட்டும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்பின் இளைஞரின் வீதி விபத்து மரணங்கள் குறைந்தன என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. உயிர்கள் சம்பந்தப்பட்ட இவ்வுண்மையைத் தனிமனித சுதந்திரம் என்னும் தாராண்மைவாதச் சுலோகத்திற்காக மறுத்தல் தகாது. இங்கு வயதைக் குறைத்தால் நன்மையடைவது பதினெட்டு வயதுத் தொழிலாளியல்லன். அவனைப் புதிய வாடிக்கையாளனாகப் பெறும் மது மூலதனமே. ஆதலின் 21 என்பதைக் குறைத்தல் வேண்டாம் என்பதே எமது நிலைப்பாடு. உயர்த்தவேண்டிய வயது தொழிலுக்கான வயதே.

ஆனால் கசிப்பு விற்பவன் வயது கேட்பதில்லை. வேலையின்மையும் லயத்து வாழ்வும் வயது பார்த்து வருவதில்லை. 2024இல் 300க்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டமை அவ்வாண்டு டிசம்பரிற் பாராளுமன்றத்தில் வெளியாயிற்று. யுத்தத்தாற் சிதைந்த கிளிநொச்சியும் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன், பிற நாட்டான் ஆட்சியிலேயே, தவறணையைக் குறித்து ஊரவரிடம் வாக்குக் கேட்கப்பட்டது. அவ்வுரிமையை, இம்முறை கள் இறக்குவோரையும் தோட்டத் தொழிலாளரையும் பெண்களையும் முன்னிறுத்தி, ஒவ்வொரு அனுமதிப்பத்திரத்திற்கும் கோருவதே முற்போக்குச் சக்திகளின் உடனடிப் பணியாகும்.