தலைவனில்லாத குழுவில் ஒரு தேர்வு

டில்லியிலோ மும்பையிலோ கல்கத்தாவிலோ உத்தியோகம் பார்த்துக்கொண்டே, அழைப்பு வருங்கால் சீருடை தரித்து நிற்க விழையும் தமிழ் இளைஞர் பலர் நம்மிடையே உண்டு. அத்தகையோருக்கென அமைந்தது பிராந்திய ராணுவம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருப்பெற்ற இப்படையை 1949 அக்டோபர் 9-ஆம் நாள் முறையாகத் தொடங்கிவைத்தவர், அந்நாள் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. வேறு தொழிலால் வருவாய் ஈட்டுவோரே இதில் அதிகாரியாகலாம். இடங்களோ சில, நாடுவோர் பலர். ஆகவே, சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு என்னும் தேர்வுக் குழுவின் முன் ஐந்து நாட்கள் நின்றாக வேண்டும். நன்கு படித்தவர்களும் அங்கே தோற்று, "எதைத்தான் பார்க்கிறார்கள்?" என்று மனம் நொந்து திரும்புகின்றனர். இவ்வினாவுக்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் ராணுவம் சிறிது நேர நேர்காணலைக் கொண்டே அதிகாரிகளைத் தெரிந்தெடுத்தது. எந்தப் பள்ளியில் பயின்றான், எக்குடியில் பிறந்தான் என்பவற்றுக்கு அங்கே மதிப்பு மிகுதி. அவ்வாறு தேறியவர்களில் பலர் பயிற்சியிலேயே தவறினர். எனவே 1942-இல் எடின்பரோவில் புதுமுறை பரீட்சிக்கப்பட்டது. ராணுவத்தாருடன் மனநல மருத்துவர்களும் அமர்ந்தனர். அவர்களுள் ஒருவர் வில்ஃபிரட் பியான். முதல் உலக யுத்தத்தில் டாங்கிப் படையில் போரிட்டவர். யுத்தகளத்தில் மனிதர் நடந்துகொள்ளும் விதத்தை நேரில் கண்டவர். சிலரை ஒன்றுகூட்டி, தலைவன் இன்னார் என்று கூறாமலேயே ஒரு வேலையைத் தரும் உத்தி அவருடையது. ஒவ்வொருவனும் தான் வெல்ல வேண்டுமென்று வந்தவன். ஆயினும் மற்றவர்களின் ஒத்துழைப்பின்றித் தன் திறனைக் காட்ட வழியில்லை. இவ்விரண்டுக்கும் இடையே அவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதையே பியான் கவனித்தார். பலகை சரியாகப் பொருத்தப்பட்டதா என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

1943-இல் இம்முறை டேராடூனுக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பின்னும் நிலைத்தது. 1962-இல் சீனாவுடன் போர் மூண்டபின் அவசரகால அதிகாரிகள் ஏராளமாகத் தேவைப்பட்டனர். அவர்களைப் பயிற்றுவிக்க 1963-இல் நம் சென்னைப் பரங்கிமலையில் ஒரு பள்ளி எழுந்தது.

இவ்வரலாற்றை அறிந்தவர் விடைகளை உருப்போடமாட்டார். அறுபது சொற்கள், சொல்லுக்குப் பதினைந்தே விநாடிகள் என்னும் வேகத்தில் நடக்கும் எழுத்துச் சோதனையில் கடன் வாங்கிய வீர வசனம் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும்? பயிற்சிக் கூடங்கள் விற்கும் விடைத் தொகுப்புகளை நாம் பெரிதாக மதிப்பதில்லை. அதைவிட, குடியிருப்பில் தண்ணீர்க் குழாய்த் தகராற்றைத் தீர்க்க நால்வரை இணங்கவைத்த அனுபவம் மேல்.

உத்தியோகஸ்தர்களுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திருந்தே பழகிய கை, உத்தரவிடுவோர் எவருமில்லாத மைதானத்தில் தயங்கி நிற்கும். கூச்சலிட்டு முந்துபவனும் அங்கே நிறைவு பெறுவதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருபவனுக்குக் கை நீட்டுபவனும் கவனிக்கப்படுகிறான்.

ஐந்தாம் நாள் மாலை, தேறியவர்களின் எண்கள் வாசிக்கப்படும். மார்பில் கட்டிய எண்ணே அங்கே பெயர். அழைக்கப்படாதவர் எண்ணை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு ரயிலேறுகிறார். வயது வரம்புக்குள் மீண்டும் வருவதற்குத் தடையில்லை. மறுமுறை வந்து தேறியவர்களும் உண்டு.