எலிக்காய்ச்சலும் அந்தமானும்

வட அந்தமானில் நெல்வயல்கள் சூழ்ந்த டிக்லிப்பூர் வட்டாரத்தை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். அந்தமானில் 1988 முதற்கொண்டு இனந்தெரியாக் காய்ச்சலொன்று தலைகாட்டிற்று. நோயுற்றோர் சிலர் நுரையீரலில் குருதி கசிந்து மாண்டனர். 'அந்தமான் குருதிக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயர் சூட்டப்பட்டதேயன்றிக் காரணம் புலப்படவில்லை. 1993-இல் டிக்லிப்பூரில் அது மீண்டும் பரவியபோது, போர்ட் பிளேயரில் 1983-இல் நிறுவப்பெற்ற மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் ஆராய்ந்து, அது லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவக் கிருமியால் விளையும் எலிக்காய்ச்சலே எனத் தெளிந்தனர்.

ஆயினும் அக்கிருமி தீவுகளுக்குப் புதிதன்று. டெய்லர், கோயல் என்னும் இருவர் அந்தமானில் இந்நோயை ஆராய்ந்து 1931-இலேயே நூல் வெளியிட்டிருந்தனர். அந்த ஏடு இருந்தும், அறுபதாண்டுகளுக்குப் பின் நோய் முன்பின் அறியாத அந்நியனைப்போல் வந்து நின்றது!

இக்கிருமியே இந்நோய்க்குக் காரணம் என முதன்முதல் கண்டறிந்தவர் ஜப்பானிய அறிஞர் இனாடாவும் அவர்தம் துணைவரும் ஆவர். நோயாளியின் குருதியைக் கினிப் பன்றி என்னும் சிறு பிராணிக்குச் செலுத்தித் தாம் இதனைக் கண்டதை 1915-இல் அவர்கள் அறிவித்தனர். எலியோ இக்கிருமியைத் தன் சிறுநீரகத்தில் தாங்கியும் பெரும்பாலும் நோயுறுவதில்லை. அதன் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இறங்கும் உழவனே நோயுறுகிறான்.

இவ்வேற்றுமைக்கு ஒரு காரணத்தைப் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் கண்டனர். உடலின் காவலர்களுள் ஒன்று டி.எல்.ஆர்.4 என்னும் புரதம். மனிதனின் அப்புரதம் இக்கிருமியின் மேலுறைக் கொழுப்பை அடையாளங் காணுவதில்லை என்று 2001-இலும், சுண்டெலியின் புரதம் அதனைக் கண்டுகொள்கிறது என்று 2005-இலும் அவர்தம் ஆய்வுகள் காட்டின. ஆகவே, சாதாரணச் சுண்டெலியை மட்டும் நோக்கி மனித நோயை முற்றும் அறிதல் இயலாது.

இத்தகைய குறையை நீக்கப் பிறந்ததே மனிதத்தன்மை ஏற்றப்பெற்ற சுண்டெலி. அந்தமான் காய்ச்சல் தலைகாட்டிய அதே 1988-இல், நோயெதிர்ப்பாற்றல் அற்ற சுண்டெலிகளில் மனித நோயெதிர்ப்பு உயிரணுக்களைக் கலிபோர்னிய அறிஞர் குடியேற்றினர். பின்னாளில், மனிதனின் டி.எல்.ஆர்.4 மரபணுவை ஏந்திய சுண்டெலிகளிலும் எலிக்காய்ச்சல் ஆராயப்பட்டது.

எனினும் அச்சுண்டெலி முழு மனிதனாகிவிடாது. டிக்லிப்பூரில் உண்மையை வெளிக்கொணர்ந்தது நோயாளிகளை நேரில் ஆராய்ந்த முயற்சியே. மழைநீர் தேங்கிய வயலில் உழைத்தபின் காய்ச்சல் கண்டால், அச்செய்தியை மருத்துவரிடம் மறவாது கூறுங்கள். தொடக்கத்திலேயே அறிந்தால் தக்க மருந்துண்டு. 1931-இல் எழுதி வைத்ததை நாம் மீண்டும் மறத்தலாகாது.