பார்த்துவிட்டுத்தான் சுட வேண்டும்

பெரியம்மாவின் கன்னத்தில் மிளகைத் தூவினாற்போல் சின்னச் சின்னக் கருப்பு மருக்கள் உண்டு. அவள் அம்மாவுக்கும் இருந்தன. நாற்பது வயதில் நாலைந்தாக ஆரம்பித்தவை அறுபதில் எண்ண முடியாமல் போய்விட்டன. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. மகள் கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வந்த அன்றுதான், "என்னடா இது, முகமெல்லாம் ஈ மொய்ச்ச மாதிரி இருக்கு" என்றாள். அடுத்த வாரம் ஒரு தனியார் தோல் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் மனசில் ஓடியதெல்லாம் ஒரே கேள்வி: உடம்புக்கு ஒரு கெடுதலும் செய்யாத இந்தச் சுண்டைக்காய் சமாச்சாரத்தை எடுத்துப்போட மனுஷன் எத்தனை காலமாக மெனக்கெடுகிறான்?

ரொம்பக் காலமாக. சுசுருத சம்ஹிதை இவற்றைச் சிறு நோய்களின் வரிசையில் வைக்கிறது. பெயர்களெல்லாம் தானியக் கடையிலிருந்து வந்தவை. எள்ளைப்போலத் தட்டையாகக் கருத்திருப்பது திலகாலகம். உளுந்தைப்போல எழும்பி, வலியில்லாமல், இருந்த இடத்திலேயே இருப்பது மஷகம். வைத்தியமும் சொல்லியிருக்கிறது: கத்தியால் சீவி, பிறகு காரத்தாலோ நெருப்பாலோ சுட வேண்டும். காரம் என்றால் செடிகொடிகளை எரித்த சாம்பலைக் கரைத்து வடித்துக் காய்ச்சும், தோலை அரிக்கும் மருந்து. இன்றும் கிராமத்தில் மருவின் மேல் சுண்ணாம்பு தொட்டு வைக்கிறார்களே, அதன் வேதியியலும் ஏறக்குறைய இதுதான்.

ரோமில் முதல் நூற்றாண்டில் எழுதிய செல்சஸ், இவற்றை வேரைக் கொண்டு பிரித்தார். வெட்டினால் திரும்ப வராதது எது, அடியில் வேர் மிஞ்சி மறுபடி முளைப்பது எது, குழந்தைகளுக்குத் தானாகவே மறைந்துவிடுவது எது என்று வகைப்படுத்திவிட்டுத்தான் மருந்துக்குப் போகிறார். அந்த ஊரில் மரு ஒன்றும் பெரிய அவமானமாக இருக்கவில்லை போல. ஹன்னிபாலை இழுத்தடித்தே களைக்க வைத்த ஃபேபியஸ் மாக்ஸிமஸுக்கு 'வெர்ருகோசஸ்', அதாவது மருக்காரர், என்றே ஒரு பெயர். உதட்டின் மேல் மரு இருந்ததாம். வேறு வேறு மண், வேறு வேறு மருந்து. ஆனால் சுசுருதரும் செல்சஸும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். கையில் கத்தியை எடுப்பதற்கு முன் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள்.

நம் பக்கம் அந்த வேலையைப் பாட்டிமார்கள் செய்தார்கள். காம்பு உள்ள மருவுக்குக் குதிரைவால் முடியால் சுருக்குப் போடுவது. பாலுண்ணிக்கு அம்மான் பச்சரிசிப் பால். எதற்கும் மசியாவிட்டால் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும். உப்பு கரைவதுபோல மருவும் கரையும் என்பது நம்பிக்கை. கரையவும் செய்தது, காரணம்தான் வேறு. 1907இல் இத்தாலிய மருத்துவர் சியூஃபோ, மருவின் சாற்றை வடிகட்டித் தன் தோலிலேயே ஏற்றிப் பார்த்தார். அங்கே மரு முளைத்தது. வைரஸால் வரும் மருவும் பாலுண்ணியும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டால் தாமாகவே உதிர்ந்துவிடும். பெயர் மட்டும் செடிக்கும் சாமிக்கும் போனது. பெரியம்மாவின் மருக்கள் அந்த ஜாதியில்லை. அவை உதிர்வதில்லை, பெருகும்.

அவற்றைச் சுடுவதற்கு மின்சாரம் வந்தது. 1854இல் மிடல்டோர்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் மின்சாரத்தால் காய்ச்சிய கம்பியைக் கொண்டு செய்யும் சிகிச்சை பற்றிப் புத்தகமே எழுதினார். 1926 அக்டோபரில் பாஸ்டனில் ஹார்வி குஷிங் ஒரு கட்டியை அறுத்தபோது, பௌவி வடிவமைத்த உயர் அதிர்வெண் மின்கருவியால் ரத்தத்தை நிறுத்தினார். மரு சுடும் மேஜைக் கருவிகள் அந்த வம்சத்துப் பேரப்பிள்ளைகள். இன்னொரு பக்கம் குளிர். 1899இல் நியூயார்க்கில் கேம்பெல் ஒயிட் திரவக் காற்றை மருவில் ஒற்றினார். 1950இல் அலிங்டன் பஞ்சில் தொட்டுத் திரவ நைட்ரஜன் வைத்தார்.

இங்கேதான் நம் தோலுக்கு ஒரு சிக்கல். தோலுக்கு நிறம் தரும் செல்கள் குளிர் தாங்காதவை. பூஜ்யத்துக்குக் கீழே நாலு முதல் ஏழு டிகிரியிலேயே அவை செத்துப்போகும். சுற்றியுள்ள மற்ற செல்களைக் கொல்ல அதைவிட எவ்வளவோ அதிகக் குளிர் வேண்டும். வெள்ளைத் தோலில் இது பெரிதாகத் தெரியாது. மாநிறத்துக்காரருக்கோ கருப்பு மரு போன இடத்தில் வெள்ளைப் புள்ளி உட்கார்ந்துவிடும். மரு இருந்திருந்தாலே தேவலை என்று தோன்றிவிடும்.

பெரியம்மாவுக்கு இருப்பதற்கு மருத்துவப் பெயர் கிடைத்ததே 1925இல்தான். 'டெர்மட்டோசிஸ் பாப்புலோசா நைக்ரா' என்று ஆல்டோ காஸ்டெல்லானி பெயர் வைத்தார். கருந்தோல் மக்களிடம் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் வரும் இது, குடும்ப வழியாகவும் தொடரும். காஸ்டெல்லானி அதற்கு முன் கொழும்பில் பல வருஷம் வேலை பார்த்தவர். பறங்கிப்புண்ணின் கிருமியை 1905இல் அங்கேதான் கண்டார். கோடிக்கணக்கான முகங்களில் காலங்காலமாக இருந்த ஒன்றைப் பாடப்புத்தகம் அவ்வளவு தாமதமாகத்தான் பார்த்தது.

பெயர் வந்தாலும் அது நோய் ஆகவில்லை. தீங்கற்றது, ஆகவே அழகு விஷயம், ஆகவே உன் செலவு. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2018இல் குறைத்துக்கொள்ள வேண்டிய 17 சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. தீங்கற்ற தோல் கட்டிகளை எடுப்பதும் அதில் ஒன்று. நம் ஊர் மருத்துவக் காப்பீடும் அழகு சிகிச்சைக்குப் பணம் தராது. கணக்குப்படி நியாயம்தான். ஆனால் மருத்துவம் கைகழுவிய இடத்தில் பியூட்டி பார்லர் வந்து உட்கார்கிறது. அங்கே மெஷின் இருக்கிறது, பார்த்துத் தரம் பிரிக்கும் கண் இல்லை. சுட்டுவிட்டால் சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது. நூற்றில் ஒன்று மரு இல்லாமல் தோல் புற்றாக இருந்தால், மேலே ஆறிவிடும், அடியில் வளரும்.

எங்கள் டாக்டரம்மா முதலில் மெஷினைத் தொடவில்லை. விளக்கு வைத்த சின்னப் பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தோலை இப்படிப் பெரிதாக்கிப் பார்க்கும் முறைக்கு 1920இல் சாஃபியர் என்பவர் 'டெர்மட்டோஸ்கோப்பி' என்று பெயர் வைத்தார். "இதெல்லாம் சாதாரணம்மா. இடது கன்னத்துல நாலு மட்டும் லேசா சுட்டுப் பார்ப்போம், எப்படி ஆறுதுன்னு தெரியட்டும். காதுகிட்ட இருக்கிற இது மட்டும் வேற மாதிரி இருக்கு. இதைச் சுட வேண்டாம், வெட்டி லேபுக்கு அனுப்பிருவோம்."

பத்து நாள் பெரியம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஆல்பத்தை எடுத்துப் பார்க்கவும் இல்லை. ரிப்போர்ட் வந்தது. வயசானால் வரும் சாதாரணத் தோல் தடிப்பு, தீங்கற்றது. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் கேட்டாள்: "ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கா இவ்வளவு காசு?"

அதுக்குத்தான் பெரியம்மா.