எங்கே சந்தித்தார்கள்? ருஷ்யப் பொதுமக்களைப் பற்றிய அயல்நாட்டார் பதிவுகளில் சந்திப்பிடத்தின் பங்கு

ருஷ்யாவுக்குச் சென்று திரும்பிய அயல்நாட்டார் 16ஆம் நூற்றாண்டு தொடங்கி எழுதிவந்துள்ள பயணநூல்களைத் தொடர்ந்து படிப்பவர்க்கு அவற்றில் இருவேறு ருஷ்யர்கள் மாறி மாறித் தென்படுவர். ஒருவர் தெருவில் முகம்கொடுத்துப் பேசாதவர், அதிகாரிக்கு அஞ்சுபவர், அந்நியர் கேட்கும் சாதாரணக் கேள்விக்கும் பிடிகொடுக்காமல் பதில் சொல்பவர். மற்றவர், முன்பின் அறியாத விருந்தினருக்காக வீட்டில் உள்ளதையெல்லாம் மேசையில் பரப்பி, நள்ளிரவு தாண்டியும் எழுந்துபோக விடாமல் மனம்விட்டுப் பேசுபவர். இவ்விரு சித்திரங்களையும் ஒரே மக்களுக்குப் பொருத்திக் காட்ட முயன்றோர், குறிப்பாக மெல்கியோர் தெ வொகுவே ருஷ்ய நாவலைப் பற்றி எழுதிய நூல் 1886இல் வெளிவந்து ஐரோப்பாவெங்கும் பரவிய பின்னர், 'ருஷ்ய ஆன்மா' என்னும் கருத்தின் துணையை நாடினர். முரண்படும் எதையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் அக்கருத்து, எதையும் விளக்குவதில்லை என்பதே அதன் குறை. பயணிகள் கண்டது எந்த ருஷ்யரை என்பதைப் பெருமளவு தீர்மானித்தது சந்திப்பு நிகழ்ந்த இடமும், அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்தவர் யார் என்பதும்தான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

மாஸ்கோ அரசுக்கு வந்த தூதர்களை எல்லையிலேயே எதிர்கொண்டு, உணவும் குதிரையும் தந்து, தலைநகரில் ஒதுக்கப்பட்ட இல்லத்தில் தங்கவைத்து, அதே வேளையில் அவர்கள் யாரிடம் பேசுகிறார்கள் என்பதையும் கண்காணித்த அதிகாரிக்குப் 'பிரிஸ்தாவ்' என்று பெயர். உபசரிப்பும் காவலும் ஒரே ஆளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த இம்முறையின் கீழ்தான் புனித ரோமப் பேரரசின் தூதராக 1517இலும் 1526இலும் மாஸ்கோ சென்ற சிகிஸ்மண்ட் ஃபொன் ஹெர்பர்ஸ்டைன் தம் செய்திகளைத் திரட்டினார். 1549இல் இலத்தீனில் வெளியான அவரது நூல் அடுத்த நூறாண்டுக்கு ஐரோப்பியரின் ருஷ்ய அறிவுக்கு அடித்தளமாயிற்று. இளமையிலேயே ஸ்லோவேனிய மொழியைக் கற்றிருந்ததால் அதனோடு உறவுடைய ருஷ்ய மொழி அவருக்கு எட்டாததாக இல்லை. ருஷ்ய ஆண்டுக்குறிப்புகளையும் சட்டத் தொகுப்பையும் படித்து அவற்றின் பகுதிகளைத் தம் நூலில் மொழிபெயர்த்தும் தந்தார். ஆகவே ஏட்டில் உள்ளவற்றைச் சொல்லுமிடத்தில் அவர் நூல் வலுவாகவும், அடுப்பங்கரையையும் படுக்கையறையையும் பற்றிச் சொல்லுமிடத்தில் மெலிந்தும் இருக்கிறது. மொழி தெரிந்தால் மக்களைத் தெரிந்துகொள்ளலாம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. கதவு திறக்காதபோது மொழியறிவு ஏட்டை நோக்கித்தான் திரும்பும் என்பதற்கு ஹெர்பர்ஸ்டைன் சான்று.

மாஸ்கோவில் வாழ்ந்த ஜெர்மானியக் கொல்லர் ஒருவரின் ருஷ்ய மனைவி, கணவர் தன்னை அடிப்பதில்லையாதலால் அவருக்குத் தன்மேல் அன்பில்லை என்று குறைப்பட்டாள் என ஹெர்பர்ஸ்டைன் சொல்லும் கதை இந்த வகையில் கவனிக்கத்தக்கது. உயர்குடிப் பெண்கள் வீட்டுக்குள் ஒதுங்கி வாழ்ந்த காலத்தில், ஆண்கள் மட்டுமே நிறைந்த அவைகளில் புழங்கிய தூதர், இதனை நேரில் அறிந்திருக்க வழியில்லை; செவிவழிச் செய்தியாகவே அது நூலில் ஏறியிருக்க வேண்டும். ஆயினும் பின்வந்தோர் பலர் ருஷ்யப் பெண்களின் பொது இயல்பாகவே அதனை எழுதினர். ஹோல்ஸ்டைன் தூதுக்குழுவின் செயலராக 1630களில் இருமுறை சென்று, 1647இல் தம் நூலை வெளியிட்ட ஆதாம் ஒலியாரியஸ், தாம் விசாரித்தவரையில் அப்படியொன்றும் இல்லை என்று மறுத்தார். ருஷ்யர்களை அடிமைத்தனத்துக்கென்றே அமைந்தவர்கள் என்று கூசாமல் எழுதியவரும் அவர்தான் என்பதை நினைத்தால், நேரில் விசாரித்த செய்தி ஒருவரது முன்முடிவையும் மீறி நூலுக்குள் நுழைந்துவிடுவது புரியும்.

ஒலியாரியஸ் ஈடுபாட்டோடு எழுதிய பகுதிகளுள் ஒன்று 'பான்யா' எனப்படும் நீராவிக் குளியலறை. காய்ச்சிய கற்களின்மேல் நீர் ஊற்றி ஆவி எழுப்பி, மேல்தட்டுப் பலகையில் படுத்து, பூர்ச்ச மரத்தின் இலைக்கொத்தால் உடம்பை விளாசிக்கொண்டு, தோல் சிவக்க வெளியே ஓடிவந்து குளிர்நீரையோ பனியையோ மேலே வாரிக்கொள்ளும் இவ்வழக்கத்தைக் கண்டு வியக்காத பயணி அரிது. அந்த வியப்பை அந்த நாட்டினரே வெகுகாலம் முன்பே எழுத்தில் வைத்திருந்தனர் என்பது பலர் கவனத்துக்கு வராத செய்தி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவ் நகரில் தொகுக்கப்பட்ட ஆண்டுக்குறிப்பு நூல், திருத்தூதர் அந்திரேயா வடக்கே நோவ்கரத் பகுதிக்குச் சென்றதாகவும், அங்கே மக்கள் யாருடைய வற்புறுத்தலுமின்றித் தம்மைத் தாமே வதைத்துக்கொண்டு அதனைக் குளியல் என்பதைக் கண்டு, உரோமில் அதை வியந்து சொன்னதாகவும் ஒரு கதையைத் தருகிறது. தெற்கத்தியார் வடக்கத்தியாரைச் செய்யும் கேலி இது என்று கொள்வோர் உண்டு. எப்படியாயினும், அயலானின் திகைத்த பார்வையைத் தம் கதைக்குள்ளேயே ஒரு பாத்திரமாக்கி வைத்திருந்த மரபு அது. ஒருவகையில், அந்திரேயாவின் கதை நம்பத்தகுந்த பயணப்பதிவுக்கு உரிய நிலையைக் காட்டுகிறது: பான்யாவில் அதிகாரியும் இல்லை, வேடமும் இல்லை.

1839 கோடையில் ருஷ்யா சென்ற பிரெஞ்சுப் பிரபு அஸ்டால்ஃப் தெ கஸ்தீன் இதற்கு நேர்மாறான நிலையில் பயணம் செய்தார். தந்தையையும் பாட்டனையும் பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக்கருவிக்குப் பறிகொடுத்த அவர், எல்லையற்ற முடியாட்சியில் ஆறுதல் தேடிச் சென்று, அதனை வெறுத்துத் திரும்பினார். 1843இல் வெளியான அவரது நூல் ருஷ்யாவில் தடைசெய்யப்பட்டது. நாட்டுக்குள் நுழையுமுன்பே லூபெக் நகர விடுதிக்காரர் ஒருவர், ருஷ்யாவிலிருந்து வரும் பிரயாணிகள் மகிழ்ச்சியோடு வருவார்கள், திரும்பும்போது முகம் வாடிப் போவார்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டார். அந்த ஒற்றைச் சொல்லைச் சரிபார்க்கவே மீதிப் பயணம் நடந்ததோ என்று ஐயுறும்படி நூல் அமைந்திருக்கிறது. பீட்டர்ஸ்பர்க் துறைமுகத்தில் அவரை நீண்ட நேரம் குடைந்த சுங்க, காவல் அதிகாரிகள், பின்னர் உள்நாட்டுப் பயணத்தில் உடன்வந்த அரசுத் தூதஞ்சல் காவலர், அரண்மனை விருந்துகள் ஆகியவையே அவர் கண்ட ருஷ்யாவின் பெரும்பகுதி. மூன்று மாதத்துக்கும் குறைவான அப்பயணத்தில் ருஷ்ய மொழி அறியாத அவர், பொதுமக்களை வண்டிச் சன்னலின் வழியாகவே பார்த்தார். அதிகாரம் எவ்வாறு மனிதரை மௌனமாக்குகிறது என்பதில் அவர் கூர்மையை மறுக்க முடியாது. அலெக்சாந்தர் ஹெர்ட்சன் போன்ற ருஷ்யரே அதைப் பாராட்டினர். அந்த மௌனத்தையே மக்களின் இயல்பாகக் கொண்டதுதான் அவர் பிழை.

சந்திப்பிடத்தின் வலிமையைச் சோதித்துப் பார்க்க, ஒரே நிறுவனத்தைக் கண்ட இருவரை ஒப்பிடுவது நல்லது. ருஷ்யக் கிராமங்களில் நிலத்தைப் பொதுவில் வைத்துக் குடும்பங்களுக்குப் பங்கிட்டு, வரியையும் கூட்டாகப் பொறுப்பேற்ற ஊர்ச்சமுதாய அமைப்புக்கு 'மிர்' என்று பெயர். 1843இல் ஜார் அரசின் பண உதவியோடும் மொழிபெயர்ப்பாளரோடும் சுற்றிய பிரஷ்யப் பிரபு ஆகஸ்ட் ஃபொன் ஹாக்ஸ்ட்ஹவுசென், அதில் தந்தைவழி அன்பும் ஒற்றுமையும் நிறைந்த பெருங்குடும்பத்தைக் கண்டார். மேற்கு ஐரோப்பாவை வாட்டிய நிலமற்ற கூலிவர்க்கம் ருஷ்யாவில் தோன்றாமல் காப்பது இதுவே என்றார். அயலார் ஒருவரின் இம்மதிப்பீடு ருஷ்யச் சிந்தனையாளரிடம் பெரும் செல்வாக்குப் பெற்று, பின்னாளைய நரோத்னிக்குகள் வரை, அதாவது விவசாயிகளிடமிருந்தே சோஷலிசம் முளைக்கும் என நம்பியவர்கள் வரை சென்றது.

ஸ்காட்லாந்துக்காரரான டொனால்ட் மெக்கன்ஸி வாலஸ் 1870இல் சில மாதங்கள் தங்கும் எண்ணத்தோடு வந்து 1875 இறுதி வரை தங்கினார். நோவ்கரத் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் குடியிருந்து, அவ்வூர்ப் பாதிரியாரிடம் மொழி கற்றார். அவர் 1877இல் வெளியிட்ட நூலில் வரும் ஊர்க்கூட்டத்துக்கு மேடையும் இல்லை, முறையான விவாதமும் இல்லை; தெருவில் கூடி எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிறார்கள்; குடும்பத் தலைவன் இல்லாத வீட்டின் சார்பில் பெண்களும் நிற்கிறார்கள். நிலம் பங்கிடும் நாளில் ஊர்த்தலைவர் ஒரு விவசாயியை நோக்கி, வேலை செய்யத்தக்க மகன் இருப்பதால் கூடுதல் பங்கு எடுத்துக்கொள்ளுமாறு கூற, அவரோ தம் உடல்நலக் குறைவைச் சொல்லி மன்றாடி மறுக்கிறார். நிலத்தோடு வரியும் சேர்ந்தே வருவதால், விளைச்சல் குறைந்த வட்டாரத்தில் நிலம் என்பது வரமாக இல்லாமல் சுமையாக இருந்தது. காணி நிலத்துக்காக வழக்காடும் ஊர்களை அறிந்த வாசகர்க்கு இக்காட்சி வியப்பளிக்கும். ஹாக்ஸ்ட்ஹவுசென் கண்ட ஒற்றுமை பொய்யென்று சொல்வதற்கில்லை. அரசு விருந்தாளிக்கு முன்னே ஊர் எந்த முகத்தோடு நிற்குமோ அந்த முகம் அது. வரிச்சுமையைத் தள்ளிவிட நடந்த கூச்சல், ஊரோடு ஊராக இருந்தவர் காதில்தான் விழுந்தது.

சோவியத் காலத்தில் பிரிஸ்தாவின் பணி நிறுவனமயமாயிற்று. அயல்நாட்டு எழுத்தாளர், அறிஞர்களை வரவேற்கப் பண்பாட்டு உறவுக் கழகம் 1925இலும், சுற்றுலாவுக்கு இன்டூரிஸ்ட் 1929இலும் நிறுவப்பட்டன. இவற்றின் ஏற்பாட்டில் சென்றவர்கள் எல்லோரும் ஏமாந்தனர் என்பது எளிதான, ஆனால் தவறான முடிவு. 1930 செப்டம்பரில் மாஸ்கோ சென்ற இரவீந்திரநாத் தாகூர், எழுத்தறிவற்றிருந்த உழைப்பாளிகளிடையே கல்வி பரவியதைப் போற்றி எழுதினார். அதே பயணத்தில் 'இஸ்வெஸ்தியா' நாளேட்டுக்கு அளித்த நேர்காணலில் பகைமையையும் வன்முறையையும் வளர்ப்பதைக் கண்டித்தார், அது அப்போது வெளியிடப்படவில்லை. 1932இல் சில மாதங்கள் சுற்றிய பெரியார், சமயமும் பிறப்பும் மனிதரைத் தரம்பிரிக்காத சமூகத்துக்கான சான்றுகளை அங்கே தேடினார். திரும்பியபின் சிங்காரவேலரோடு சேர்ந்து வகுத்த ஈரோட்டுத் திட்டத்தில் அத்தேடலின் விளைவு தெரிகிறது. தாகூரும் பெரியாரும் பள்ளி, தொழிற்சாலை, பொதுக்கூடம் ஆகியவற்றில் தம் நாட்டின் இல்லாமையை அளந்தனர். 1936இல் சென்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீதுக்கும் அதே உபசரிப்புக் கிடைத்தது. அவரோ மக்களின் இனிமையை வாயாரப் புகழ்ந்தபடியே, கடை வாசல் வரிசைகளையும் எல்லோரும் ஒன்றுபோலவே பேசுவதையும் குறித்துக்கொண்டு வந்தார்.

ஏற்பாட்டுக்கு வெளியே கண்ணில் பட்டது எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் நூல் சான்று. புகைப்படக்காரர் ராபர்ட் காப்பாவுடன் 1947இல் அவர் சென்றது, அரசியலை விட்டுச் சாதாரண மக்களை மட்டும் எழுதுவதற்காக. நூலின் மிக மகிழ்ச்சியான பக்கங்கள், பந்தியும் வாழ்த்துரைகளும் நிறைந்தவை, உக்ரைனியக் கூட்டுப்பண்ணைகளிலும் ஜார்ஜியாவிலும் நிகழ்ந்தவை. ஆயினும் நூலின் பெயர் ருஷ்ய நாட்குறிப்பு. பேரரசின் மக்கள் அனைவரையும் ருஷ்யர் என்று அழைக்கும் இப்பழக்கம் பயண இலக்கியத்தில் பொதுவானது, 'ருஷ்ய விருந்தோம்பல்' என்னும் புகழில் ஒரு பகுதி பிறருக்குச் சேர வேண்டியது. ஸ்டாலின்கிராதில் அவர் தங்கிய இன்டூரிஸ்ட் விடுதியின் சன்னலுக்கு எதிரே இடிபாட்டு மேடு. அதன் நிலவறைகளில் மக்கள் குடியிருந்தனர். காலையில் சுத்தமான உடையோடு, தலைவாரி, வேலைக்குக் கிளம்பினர். மனம் பேதலித்த ஒரு சிறுமி அவ்வப்போது வளையிலிருந்து வெளிவந்து விடுதிக் குப்பையில் கிடந்த தர்ப்பூசணித் தோலைத் தின்றாள். ஒரு நாள் பக்கத்து நிலவறைப் பெண் அவளுக்குக் கருப்பு ரொட்டி கொண்டுவந்து தந்தாள். எந்த வழிகாட்டியின் அட்டவணையிலும் இல்லாத இக்காட்சிக்கு இணையாக அந்நூலின் வேறெந்தப் பந்தியும் நினைவில் நிற்பதில்லை.

பிற்கால சோவியத் ஆண்டுகளில் பயணிகளின் முறையீட்டுக்கு அதிகம் ஆளானவர்கள் கடைப் பணியாளர்கள். பொருளைப் பார்த்து விலை அறிய ஒரு வரிசை, பணம் கட்டிச் சீட்டு வாங்க இன்னொன்று, சீட்டைக் காட்டிப் பொருளைப் பெற மூன்றாவது என்று அமைந்த கடையில், விற்பவருக்கு விற்றாக வேண்டிய கட்டாயமும் இல்லை, வாங்குபவருக்கு வேறு கடையும் இல்லை. ஆனால் கசப்பை மட்டும் கண்ட பயணிகள் அதே வரிசையின் உள்ளே இருந்த ஒழுங்கைக் கவனிக்கத் தவறினர். வருபவர் 'கடைசி யார்?' என்று கேட்டுத் தம் இடத்தை உறுதிசெய்துகொள்வார். பக்கத்தவரிடம் சொல்லிவிட்டு வேறு வரிசைக்குப் போய் வருவார். திரும்பும்போது அந்த இடம் அவருக்காகக் காத்திருக்கும். இது எழுதப்படாத, எனினும் எல்லோரும் மதித்த ஒப்பந்தம்.

வரிசைகள் மறைந்த பின்னும் சிரிக்காத முகம் மறையவில்லை என்பது இக்கட்டுரையின் வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கது, அதை ஏற்கவும் வேண்டும். 1990 ஜனவரியில் மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் திறக்கப்பட்ட மெக்டொனால்ட்ஸ் தன் பணியாளரைப் புன்னகைக்கப் பயிற்றியது. அது அங்கே புதுமையாகத் தோன்றியது. வொரோனெஷ் நகர மொழியியலாளர் இயோசிஃப் ஸ்டெர்னின், ருஷ்ய வழக்கில் புன்னகை மரியாதைக் குறியாக இல்லாமல், அறிந்தவரிடம், காரணத்தோடு காட்டும் விருப்பத்தின் அடையாளமாக இருக்கிறது என்று விளக்குகிறார். இது வழக்கம், இடம் மாறினாலும் உடனே மாறிவிடாது. அப்படியிருந்தும் இவ்வழக்கமே மக்களை அறிந்தவர், அறியாதவர் என்று இரண்டாகப் பிரிப்பதால், பயணி வாசலின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்ற கேள்வியை அது இன்னும் கூர்மையாக்குகிறது.

அந்த வாசலைத் தாண்டுவது நெடுங்காலம் வீட்டாருக்கே ஆபத்தாக இருந்தது. 1947 பிப்ரவரியில் அயல்நாட்டவரோடு திருமணமே தடைசெய்யப்பட்டது. அத்தடை 1953இல்தான் நீங்கியது. 1957 கோடையில் மாஸ்கோவில் நடந்த உலக இளைஞர் விழாவுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டு இளைஞர் வந்தபோது நகரத்தார் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். அதே ஆண்டுகளில் எழும்பத் தொடங்கிய குருஷ்சேவ் காலக் குடியிருப்புகள், பல குடும்பங்கள் ஒரே அடுப்பறையைப் பகிர்ந்த கூட்டு வீடுகளிலிருந்து மக்களை மீட்டு, தனிக் குடும்பத்துக்குத் தனிச் சமையலறையைத் தந்தன. நான்கு பேர் அமர்ந்தால் நிறைந்துவிடும் அச்சிற்றறை, அண்டை வீட்டாரின் காதுக்கு எட்டாமல் பேசக் கிடைத்த முதல் இடம். காலணியைக் கழற்றச் சொல்லி வீட்டுச் செருப்பைக் கொடுப்பது, வாசற்படியின் மேல் கைகுலுக்க மறுத்து உள்ளே இழுத்துக்கொள்வது, தேநீருக்குப் பின் மீண்டும் தேநீர் என்று பயணிகள் வாஞ்சையோடு எழுதும் செய்திகள் பெரும்பாலும் இந்தச் சமையலறையைச் சார்ந்தவை. விருந்தினரை நம்பி உள்ளே விட்டவர் எடுத்துக்கொண்ட துணிவும் அந்த வாஞ்சையின் ஒரு பகுதி. அதைக் கணக்கில் எடுக்காத வருணனை பாதி வருணனைதான்.

இவ்வாறு பார்க்கும்போது, பயணநூலோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஏடுகள் வேறு சில உள்ளன. பண்பாட்டு உறவுக் கழகத்தின் வழிகாட்டிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் தம் பொறுப்பிலிருந்த விருந்தினர் எங்கே சென்றார், என்ன கேட்டார், எதில் ஐயம் காட்டினார் என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதினர். அவை மாஸ்கோவிலுள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளன, 1990கள் முதல் ஆய்வாளர் அவற்றைப் பயன்படுத்திவருகின்றனர். பயணி புகழ்ந்த பள்ளி முன்கூட்டியே திட்டமிட்டுக் காட்டப்பட்டதா, வழியில் தற்செயலாக வண்டி நின்ற ஊரில் கண்டதா என்பது அவ்வறிக்கைகளால் தெளிவாகும். எழுதியவரும் அந்நாட்டின் சாதாரணக் குடிமக்களே ஆதலால், அயலார் கேள்விகளைக் கேட்டு அவர்கள் எங்கே திகைத்தார்கள், எங்கே சிரித்தார்கள் என்பதும் அவற்றின் வரிகளுக்கிடையே கிடைக்கும்.