முறுக்கு அவிழாத இழை: சென்னைக் கொலாஜன் தாளிலிருந்து திருவள்ளூர்க் கடற்கரையின் கைட்டோசான் வரை

உயர் மின்னழுத்தத்தால் கரைசலை இழையாக்கும் மின்நூற்பில் உருவாகும் நானோ இழைப் படலங்கள் புண்கட்டாக மாறிய வரலாற்றை, இழை மெலிந்துகொண்டே வந்த கதையாகத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். 1902-இல் அமெரிக்காவில் கூலியும் மார்ட்டனும் பெற்ற காப்புரிமைகள், 1934 முதல் ஃபார்மால்ஸ் பெற்றவை, மின்புலத்தில் துளி கொள்ளும் வடிவமாக 1964-இல் ஜெஃப்ரி டெய்லர் கணக்கிட்ட கூம்பு, 1990-களில் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் ரெனெக்கர் இத்துறைக்குத் தந்த மறுவாழ்வு என்று அந்த வரிசை நீளும். சென்னையிலும் அதன் வடக்கே உள்ள திருவள்ளூர் மாவட்டத்திலும் நின்று பார்த்தால், மூலக்கூறு சிதையாமல் புண்ணுக்குப் போய்ச் சேர்கிறதா என்ற கேள்வியே முன்னே நிற்கிறது.

1948-இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. தோலின் முதன்மைப் புரதம் கொலாஜன். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் முப்புரிச் சுருள் வடிவத்தை ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தார்கள். எக்ஸ்-கதிரில் அவர்கள் ஆராய்ந்த மாதிரிகளில் கங்காரு வாலின் தசைநாணும் உண்டு. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய அந்த முறுக்கு அவிழ்ந்துவிட்டால் மிஞ்சுவது ஜெலட்டின். முறுக்குள்ள கொலாஜனில் இரத்தத் தட்டுகள் ஒட்டுவதுபோல ஜெலட்டினில் ஒட்டுவதில்லை. தோல் நிலையம் பின்னாளில் மேற்கொண்ட புண்கட்டு ஆய்வுகளுக்கு இந்த அறிவே அடித்தளம். கொலாஜனை நீர்த்த அமிலத்தில் சூடுபடாமல் கரைத்துத் தாளாக வார்க்கலாம். உறையவைத்து உலர்த்திப் பஞ்சாக்கலாம். தீக்காயப் பிரிவுகளில் இன்று பழகிப்போன கொலாஜன் தாள் இவ்வகையைச் சேர்ந்தது.

2002-இல் வர்ஜீனியாவில் மேத்யூஸ், நெக், சிம்ப்சன், போலின் ஆகியோர் கொலாஜனையே மின்நூற்பில் இழையாக்கிக் காட்டினார்கள். தோலின் இயற்கைப் பின்னலையே கையால் செய்துவிட்டதாக உலகம் மகிழ்ந்தது. 2008-இல் செவ்கோலிஸ் குழு ‘பயோமெட்டீரியல்ஸ்’ இதழில் எழுப்பிய கேள்வி அந்த மகிழ்ச்சியைத் தணித்தது: இது செலவு பிடித்த முறையில் ஜெலட்டின் செய்வதுதானா? கரைப்பானாகப் பயன்பட்ட ஃபுளோரோ ஆல்கஹால் முறுக்கை அவிழ்த்துவிட்டிருந்தது. ராமச்சந்திரன் கண்ட வடிவம் இழையில் பெரிதும் எஞ்சவில்லை. ஆகவே, நானோ இழை வரும்முன்பே வார்த்த தாளைக் கையாண்ட மரபைப் பின்தங்கல் என்று சொல்ல நான் உடன்படமாட்டேன்.

ஆனாலும் இழையின் வலிமையை ஒதுக்க முடியாது. சிரிஞ்சின் ஊசிமுனையில் பாலிமர்க் கரைசல் ஒரு துளியாகத் தொங்குகிறது. 10 முதல் 30 கிலோவோல்ட் மின்னழுத்தம் ஏறியதும் துளி கூம்பாக நீள்கிறது. அதன் நுனியிலிருந்து ஒரு தாரை பீறிட்டு, சுழன்று சுழன்று, காற்றிலேயே உலர்ந்து, எதிரே உள்ள தகட்டில் வெண்படலமாகப் படிகிறது. படலத்தின் துளைகள் போதிய அளவு நுண்ணியவையாக அமைந்தால் கிருமி நுழையாது, நீராவி வெளியேறும். ஈரமாக வைத்த புண் விரைந்து ஆறும் என்று 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றித் தோலில் நிறுவிய கொள்கைக்கு இது ஏற்ற அமைப்பு.

கொலாஜனைத் தவிர இப்படி இழையாக்க முயன்ற இன்னொரு பொருள், இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசான். திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு.  அங்கே பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் பாடு முறையில் முறைவைத்து இறால் பிடிக்கிறார்கள். 2009-இல் வன்னாமி என்ற இறால் இனத்தை வளர்க்க அனுமதி கிடைத்தபின் இந்தியக் கடலோரப் பண்ணைகளில் இறால் விளைச்சல் பெருகியது. இறால் ஓட்டில் கைட்டின் இருக்கிறது. நீர்த்த அமிலம் சுண்ணாம்பை நீக்கும், நீர்த்த காரம் புரதத்தை நீக்கும், பின்பு சூடான செறிந்த காரம் அதைக் கைட்டோசானாக்கும்.

இதை நூற்பதும் எளிதல்ல. அமிலக் கரைசலில் கைட்டோசான் நேர்மின் சுமை ஏறி நிற்பதால், அதன் சங்கிலிகள் ஒன்றையொன்று விலக்கித் தாரையை அறுக்கின்றன. 2004-இல் ஜப்பானின் ஓகாவா குழு டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலத்தில் கரைத்து நூற்றது. மறு ஆண்டே 90 சதவீத அசிட்டிக் அமிலம் போதும் என்று காட்டப்பட்டது. எனினும் நூற்ற இழை புண்நீரில் கரைந்துவிடக்கூடியது. காரத்தில் நனைத்தோ குறுக்குப் பிணைப்பு கொடுத்தோ அதை உறுதியாக்க வேண்டும். கரையோரக் காற்றின் ஈரம் இன்னொரு தடை. ஈரம் ஏறினால் தாரை உலர்வது தாமதமாகி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஓர் ஊசி மணிக்கு ஒரு கிராம்கூடத் தராத நிலையில், செக் நாட்டின் லிபெரெட்ஸில் உருவான ஊசியற்ற முறையே தொழிற்சாலை அளவுக்கு வழி திறந்தது.

இத்தனை இயந்திரப் பேச்சுக்கும் முன்னதாக ஓடு இருக்கிறது. நம் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே இறால் ஓடு அழுகத் தொடங்கும். அழுகிய ஓட்டிலும், அளவுக்கு மீறிய காரச் சூட்டிலும் கைட்டோசான் சங்கிலி அறுபட்டுக் குட்டையாகும். கரைசலின் பிசுபிசுப்பு குறையும். இழைக்குப் பதிலாகத் தகட்டில் மணிமணியாகத் தெறிக்கும். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் தோல் நிலையம் இருக்கிறது. மருத்துவத் தரக் கைட்டோசான் இந்தப் பகுதியில் உருவாக வேண்டுமானால், முதல் முதலீடு உயர் மின்னழுத்தக் கருவிக்கு அல்லாமல், ஓட்டை உரித்தவுடன் ஐஸில் சேர்க்கும் ஏற்பாட்டுக்கும் தொகுதி தோறும் சங்கிலியின் நீளத்தை அளக்கும் கூடத்துக்கும் போக வேண்டும்.