விதை வாங்கும் முன் மரபணுவைத் தேடிப் பாருங்கள்: நெல் விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி



'வெள்ளம் தாங்கும் நெல்', 'உப்பைத் தாங்கும் நெல்', 'நோய் எதிர்ப்பு நெல்' என்று சொல்லி விதை விற்கப்படுகிறது. அந்தக் குணத்தைத் தரும் மரபணு எது, அது எந்த அளவுக்குப் பயிரைக் காக்கும் என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தத் தகவல்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விதை வாங்கும் முன் அரை மணி நேரம் கைபேசியில் தேடினால், ஒரு போகத்துச் செலவை வீணாகாமல் காக்கலாம்.

நெல்லுக்கு 12 குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் உள்ள மரபணுத் தொடர் முழுவதும் 2005-இல் வெளியிடப்பட்டது. முக்கியமான மரபணுக்களுக்குப் பெயர் வைத்துத் தகவல் தளங்களில் பதிவு செய்துள்ளனர். அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டால் தேடுவது எளிது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. இந்த ரகத்தில் உள்ள மரபணு எது?
2. அது எந்தப் பாதிப்பைத் தாங்கும்?
3. பயிரின் எந்தப் பருவத்தில் தாங்கும்?

மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டால்தான் நட்டம் வருகிறது. கீழே உள்ள எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

சப்-1: ஒடிசாவின் பாரம்பரிய நெல்லில் இருந்து வந்த 'எஃப்ஆர் 13ஏ' என்ற ரகத்தில் கிடைத்தது. இது 9-ஆவது குரோமோசோமில் உள்ளது. பயிர் முழுவதும் நீரில் மூழ்கும்போது வளர்ச்சியை நிறுத்தி, சேமித்த சத்தைக் காத்து வைக்கும். நீர் வடிந்ததும் பயிர் மீண்டும் துளிர்க்கும். தூர்கட்டும் பருவத்தில் சுமார் இரண்டு வாரம் வரை தாங்கும். 2009-இல் வெளியான ஸ்வர்ணா சப்-1, நம் மாநிலத்தில் பயிராகும் சிஆர் 1009 சப்-1 ஆகியவற்றில் இது உள்ளது. ஆனால் நேரடி விதைப்பு செய்தவுடன் மழைநீர் தேங்கினால் முளைப்பை இது காக்காது. பாதிப் பயிர் அளவுக்கு நீர் வாரக்கணக்கில் தேங்கி நிற்கும் வயலுக்கும் இது தீர்வல்ல.

சால்டால்: கேரளக் கடலோரத்தின் பொக்காளி நெல்லில் இருந்து வந்தது. 1-ஆவது குரோமோசோமில் உள்ள பகுதி. நாற்றுப் பருவத்தில் உப்பைத் தாங்க உதவும். பூக்கும் பருவத்தில் பாசன நீர் உப்பானால் இதை மட்டும் நம்ப முடியாது.

எக்ஸ்ஏ-21: ஆப்பிரிக்கக் காட்டு நெல்லில் கிடைத்தது. பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும். பிபிடி 5204 ரகத்தில் இதையும் வேறு இரண்டு மரபணுக்களையும் சேர்த்து, 2008-இல் 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' வெளியானது. குலை நோய்க்கு இந்த மூன்றும் பாதுகாப்பு அல்ல. அதற்குத் தனியாகத் தடுப்பு முறை தேவை.

இந்த ரகங்கள் வழக்கமான ஒட்டுச் சேர்க்கை மூலம் உருவானவை. மரபணு மாற்றப் பயிர்கள் அல்ல. வீரிய ஒட்டு ரகங்களும் அல்ல என்பதால், கலப்பில்லாமல் பராமரித்தால் அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்கலாம்.

எங்கே தேடலாம்?

• தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம்: தமிழிலேயே ரகங்களின் வயது, பருவம், குணங்கள் உள்ளன. முதலில் இங்கே பாருங்கள்.
• புது தில்லியில் உள்ள தேசிய தாவர மரபியல் வள அமைப்பின் இணையதளம்: நாட்டின் விதை வங்கியில் சேமித்துள்ள ரகங்களைத் தேடலாம்.
• ஜெனிசிஸ்: உலகின் பல விதை வங்கிகளில் உள்ள சுமார் 40 லட்சம் மாதிரிகளின் விவரங்களை ஒரே இடத்தில் காட்டும்.
• ஒரைசாபேஸ்: ஜப்பானில் இருந்து இயங்கும் நெல் மரபணுத் தளம். மரபணுவின் பெயரைக் கொடுத்தால் அதன் குரோமோசோமும் குணமும் வரும்.

'பிளாஸ்ட்' என்ற தேடல் கருவியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆய்வகத்தில் எடுத்த டிஎன்ஏ வரிசையை ஒப்பிடவே அது பயன்படும். ரகத்தின் பெயரை அதில் கொடுத்துப் பயனில்லை.

தேடும் முறை

முதல் தளத்தைத் தவிர மற்றவற்றில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் உதவியைக் கேளுங்கள். பாரம்பரிய ரகங்களின் பெயரை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். மாப்பிள்ளைச் சம்பாவை ஒரு 'பி' போட்டும் இரண்டு 'பி' போட்டும் தேடுங்கள். பெயரைச் சேர்த்தும் பிரித்தும் எழுதிப் பாருங்கள். கிடைத்தால் அதன் சேர்க்கை எண்ணையும் சேகரித்த இடத்தையும் குறித்து வையுங்கள்.

உங்கள் குடும்பம் காத்துவரும் ரகம் எங்கும் கிடைக்கவில்லை என்றால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். வேறு பெயரில் இருக்கலாம், இன்னும் யாரும் சேகரிக்காமலும் இருக்கலாம். மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001-இன்படி விவசாயிகள் தங்கள் ரகத்தைக் கட்டணமின்றிப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம்.

திரையில் தெரியாதவை

ஒரு ரகத்தில் மரபணு இருக்கிறது என்பதைத் தளம் சொல்லும். உங்கள் கையில் உள்ள மூட்டையில் அந்த ரகம்தான் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. சப்-1 உள்ள விதைக்கும் இல்லாத விதைக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆய்வகப் பரிசோதனையில்தான் தெரியும். ஆகவே ஆதார விதையின் வெள்ளை அட்டையோ, சான்று விதையின் நீல அட்டையோ உள்ள மூட்டையை வாங்குங்கள். அட்டையையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

அதேபோல் ஒரே ஒரு மரபணு விளைச்சலைத் தீர்மானிப்பதில்லை. மண், நீர், விதைக்கும் காலம், உரம் எல்லாம் சேர்ந்துதான் மகசூல். உங்கள் வயலில் வெள்ளம் எந்த மாதம் வரும், எத்தனை நாள் நிற்கும், அப்போது பயிரின் வயது என்ன என்பதை எழுதிக்கொள்ளுங்கள். தேடிக் கிடைத்த விவரத்தையும் அதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் மட்டுமே அந்த ரகத்தைத் தேர்வு செய்யுங்கள்.

ஐயம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தையோ, 1800 180 1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மைய எண்ணையோ தொடர்பு கொள்ளலாம்.