திருமலைச் சுவர்: போர்த்துதலும் வாசித்தலும்

சுவரின் மேல் வேறொரு பொருளைப் போர்த்தி அதன் தோற்றத்தை மாற்றும் வழக்கம் பழைமையானது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய பிளினி, உரோம் நகரில் தன் வீட்டுச் சுவர்கள் முழுவதையும் பளிங்குப் பலகைகளால் முதன்முதலில் மூடியவர் மமுர்ரா என்று குறிப்பிடுகிறார். அதை அவர் ஆடம்பரத்தின் அடையாளமாகவே பார்த்தார். இன்று அந்த ஆடம்பரம் மிகவும் மெலிந்துவிட்டது. சிலேட் போன்ற அடுக்குப் பாறையின் முகத்தில் பிசினையும் கண்ணாடி இழையையும் ஒட்டி, அது இறுகிய பின் உரித்தெடுத்தால் ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில் வளையக்கூடிய கற்படலம் கிடைக்கிறது. கட்டட வேலையில் இதைக் கல் வெனீர் என்கிறார்கள். இதை ஒட்டுவதற்கு முன் சுவரைச் சுரண்டிச் சமப்படுத்திப் பசை தடவ வேண்டும். ஆகவே போர்வை எவ்வளவு மெல்லியதானாலும் அடியிலிருக்கும் பரப்பு பழைய நிலையில் இருப்பதில்லை.

செங்கல் சுவருக்கு இதனால் இழப்பொன்றும் இல்லை. சுவரே ஆவணமாக இருக்கும் இடத்தில் நிலைமை வேறு. திருப்பதி, திருமலைக் கோயில்கள் அத்தகைய இடங்கள்.

இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள இப்பகுதி, இடைக்காலக் கல்வெட்டுகளில் தொண்டை மண்டலத்தின் திருவேங்கடக் கோட்டமாக வருகிறது. இரு கோயில்களிலும் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. தெலுங்கு, கன்னட, வடமொழிக் கல்வெட்டுகளும் உண்டு. காடவன் பெருந்தேவி என்னும் சாமவை வெள்ளித் திருமேனி செய்தளித்ததையும், விளக்குக்கும் அமுதுபடிக்கும் விடப்பட்ட நிலங்களையும், விசயநகர மன்னர்களின் கொடைகளையும் இவற்றிலிருந்தே அறிகிறோம். கொடை சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்க வேண்டும் என்பது இவற்றின் வழக்கமான வாய்பாடு. அந்த உறுதிமொழிக்குச் சுவரே பிணை.

இதை அக்கால மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வீர நரசிங்கதேவ யாதவராயர் காலத்தில், திருமலைக் கோயில் புதுப்பிக்கப்பட்டது. அப்போது திருப்புல்லாணி தாசர் என்பவர் மன்னரின் ஆணை பெற்று, பழைய சுவர்களிலிருந்த கல்வெட்டுகளைப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டுவித்தார். கல் மாறலாம், சாசனம் மறையக் கூடாது என்பதே இதன் பொருள். நமக்குத் தெரிந்த ஆவணப் பாதுகாப்பு முயற்சிகளில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

அதே கோயிலில் போர்த்தும் மரபும் தொடர்ந்து இருந்தது. சடாவர்மன் சுந்தர பாண்டியன் பொற்கலசம் வைத்தான். 1359இல் சாளுவ மங்கிதேவன் விமானப் பணி செய்தான். 1518இல் கிருஷ்ணதேவராயர் ஆனந்த நிலைய விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். 1958இலும் பொன் புதுப்பிக்கப்பட்டது. இப்பணிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். பொன் மேலே விமானத்துக்கும் கலசத்துக்கும் போயிற்று. எழுத்து கீழே சுவரில் நின்றது. பொன் வேய்ந்த செய்தியையும் கல்லே சொன்னது.

இந்த எல்லை 2008இல் அறிவிக்கப்பட்ட 'ஆனந்த நிலையம் அனந்த சுவர்ணமயம்' திட்டத்தில் கேள்விக்குள்ளானது. பொன் பூசிய செப்புத் தகடுகளால் கருவறைச் சுவர்களையும் போர்த்துவது அதன் நோக்கம். தகடுகள் கல்வெட்டுகளை மறைக்கும், அவற்றைப் பொருத்தும் வேலை கல்லையும் எழுத்தையும் சிதைக்கும் என்று எதிர்ப்பு எழுந்தது. வழக்கு ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2010 டிசம்பரில் நீதிமன்றம் திட்டத்தை இரத்து செய்தது. அரசாணையைக் கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ளச் சொல்வது நம் சாசன மரபு. எழுத்தைத் தாங்கிவந்த செம்பே எழுத்தை மறைக்க வந்தது வரலாற்றின் முரண்.

இங்கே ஒரு நியாயமான வினா எழும். சாது சுப்பிரமணிய சாஸ்திரி உள்ளிட்டோரின் உழைப்பால் இக்கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு, 1930களிலேயே தேவஸ்தான வெளியீடுகளாக அச்சேறிவிட்டன. பாடம் நூலில் இருக்கும்போது சுவர் எதற்கு?

மொழியியல் இதற்குத் தெளிவான விடை தருகிறது. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே அச்சுப் பாடம் என்பது பதிப்பாசிரியரின் வாசிப்பு. ஒவ்வொரு சொல்லிலும் அவர் ஒரு முடிவெடுத்திருக்கிறார். ஓர் ஊர்ப்பெயரையோ முகத்தலளவைப் பெயரையோ ஐயுறும் ஆய்வாளர் மூலத்துக்குத்தான் திரும்ப வேண்டும். எழுத்தமைதியைக் கொண்டு காலத்தைக் கணிப்பதற்கும், கிரந்த எழுத்து கலந்துள்ள முறையை அறிவதற்கும், சிதைந்த இடத்தில் எத்தனை எழுத்துகள் இருந்திருக்கும் என்று மதிப்பிடுவதற்கும் கல்லே தேவை. மைப்படி துணை செய்யும், கல்லுக்கு ஈடாகாது.

திருமலை வழக்கு பேசப்பட்டது, அது திருமலை என்பதால். சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலும் எல்லைக்கு இப்பாலும் உள்ள சிற்றூர்க் கோயில்களுக்கு அந்த வெளிச்சம் கிடைப்பதில்லை. அங்கே ஒரு திருப்பணியின்போது ஒட்டப்படும் கிரானைட் பலகையும் அடிக்கப்படும் எனாமல் வண்ணமும் அதே வேலையை ஓசையின்றிச் செய்துவிடும். ஒட்டுபவர் பழிக்குரியவரல்லர், அடியில் இருப்பது எழுத்து என்று அவருக்குச் சொல்ல ஆள் இருப்பதில்லை. கல்வெட்டு வாசிக்கக் கற்ற மாணவர்கள் தம் ஊர்க் கோயிலில் திருப்பணிச் செய்தி கேட்டவுடன் செய்யத்தக்க முதற்பணி, சுவரைச் சுற்றிவந்து ஒளிப்படம் எடுத்து, எழுத்துள்ள பகுதிகளைத் திருப்பணிக் குழுவுக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்து வடிவில் தெரிவிப்பது. திருப்புல்லாணி தாசர் உளி கொண்டு செய்ததை நாம் ஒரு கைப்பேசியும் ஒரு கடிதமும் கொண்டு தொடங்க முடியும்.